மேனகை எந்த ஊர்ப் பிள்ளை?

ஊர்விட்டு ஊர் வந்து பாடிப் பிழைக்கும் இளம்பெண்ணின் கதை ஹொலிவூட்டுக்குப் பழகிய சரக்கு. 1931இல் பொக்ஸ் நிறுவனம் எடுத்த ‘டெலிஷியஸ்’ படத்தில் ஜேனட் கேய்னர் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி நியூயோர்க்குக்கு வருவார். இசை கேர்ஷ்வின் சகோதரர்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து அப்படிப் புறப்பட்ட பெண் யாராவது உண்டா என்று தேடத் தொடங்கியபோது முதலில் அகப்பட்ட பெயர் கே. தவமணி தேவி.

அகப்பட்டது பெயர்தான். ஆளைப் பிடிப்பது வேறு வேலை.

சென்னைப் பக்கத் தடயங்கள் ஒப்பீட்டளவில் தெளிவானவை. சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் 1937இல் வெளியிட்ட முதற்படம் ‘சதி அகல்யா’. அதன் கதாநாயகி இவர். அந்நிறுவனத்தின் அதிபர் ரி. ஆர். சுந்தரம் விளம்பரத்துக்காக இவரை நீச்சலுடையில் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததையும், அது கிளப்பிய பரபரப்பையும் திரைப்பட வரலாற்றாளர் ராண்டார் கை எழுதிவைத்திருக்கிறார். ரிஷிபத்தினியாக நடிப்பவருக்கு நீச்சலுடை விளம்பரம்! சுந்தரத்தின் வியாபார மூளையை மெச்சத்தான் வேண்டும். அந்த மூளைக்கு உதவியது இன்னொரு சங்கதி: நடிகை கடல் கடந்து வந்தவர். ‘சிங்களத்துக் குயில்’ என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத் தமிழ்ப்பெண்ணுக்கு இப்படியொரு பட்டமா என்று இங்கே எவரும் முகம் சுளிக்கலாம். சுவரொட்டிக்கு வேண்டியது தூரத்து வாசனை. ஊர்க்கணக்குச் சரியாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை.

யாழ்ப்பாணப் பக்கம் திரும்பினால் பாதை நொடியத் தொடங்குகிறது. தேட வேண்டிய இடமாக இருந்திருக்கக்கூடிய பொதுநூலகம் 1981 மே 31 இரவுக்கும் யூன் 1 விடியலுக்கும் இடையில் எரிக்கப்பட்டது. போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பது கணக்கு. பழைய பத்திரிகைகளைத் தேடுகிறவர்கள் இன்று கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போகிறோம், அல்லது 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தைத் திறக்கிறோம். அங்கே 1930இல் நா. பொன்னையா சுன்னாகத்தில் தொடங்கிய ‘ஈழகேசரி’ இருக்கிறது. சைவ பரிபாலன சபையின் ‘இந்துசாதனம்’ இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. சைவத்தையும் கல்வியையும் காக்கப் புறப்பட்ட பத்திரிகை, நீச்சலுடையில் நின்ற நம்மூர்ப் பெண்ணைக் கொண்டாடுவதற்காக அச்சானதல்ல. நெருப்பு அழித்தது பாதி என்றால், எழுதாமலே விட்டது மறுபாதி.

தவமணி தேவியின் ஊர் இணுவில் என்கின்றன குறிப்புகள். கே.கே.எஸ். வீதியில் கோண்டாவில் தாண்டினால் இணுவில். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த மண், வீரமணி ஐயர் பாட்டுக்கட்டிய மண். அங்கே சங்கீதத்துக்கு என்ன குறை? குறை சங்கீதத்தில் இல்லை. நாதஸ்வரமும் தவிலுமான பெரியமேளம் என்றால் ஆண்கள். பெண் மேடையேறி ஆடினால் அது சின்னமேளம், அதை ஒழிக்க வேண்டும் என்று சபைகள் முழங்கிய காலம். வசதியான வீட்டுப் பெண் சபையில் ஆடிப் பாடுவதற்கு ஊரில் இடமில்லை. பக்கத்து மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக்கழகம் வந்ததே 1960இல்தான். ஆகவே ஆடலும் பாடலும் பயில அவர் சென்னைக்குப் போனார். 1914இலிருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பலும் இரு கரையிலும் அதற்கென ரயிலும் ஓடிக்கொண்டிருந்தன. வழி இருந்தது.

நேரமும் வாய்த்தது. தமிழில் பின்னணிப் பாட்டு ‘நந்தகுமார்’ படத்தோடு 1938இல்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் படப்பிடிப்பில் நிற்பவரே பாடியாக வேண்டும். குரல் இல்லாத அழகிக்கு அன்று கதவு திறந்திராது.

ஹொலிவூட் தடயம் 1941இல் மறுபடி தலைகாட்டுகிறது. ‘வனமோகினி’யில் தவமணி தேவி காட்டுப்பெண். பாடகியாக இருந்து நடிகையான டொரதி லமூர், ‘த ஜங்கிள் பிரின்சஸ்’ (1936) படத்தில் மலாயாக் காட்டில் சாரம் சுற்றிக்கொண்டு வந்து பெயர் வாங்கியவர். அதே பாணி உடை இங்கே வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்கள் வீட்டில் கட்டும் சாரத்தை ஹொலிவூட் வழியாகச் சுற்றிவந்து யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கே உடுத்தியிருக்கிறார்கள்! இயக்கியவர் பம்பாயின் பகவான், இசை சி. ராமச்சந்திரா, பிற்காலத்தில் இந்தித் திரையிசையின் பெரும்புள்ளி. சந்துரு என்ற யானைக்கும் பெயர்ப் பட்டியலில் இடம் கொடுத்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘சகுந்தலை’ எனக்கு இன்னும் முக்கியமான சான்று. எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன், தவமணி தேவி மேனகை. இயக்குநர் எலிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர், 1935இல் இந்தியா வந்தவர். வந்தேறி ஒருவர் இன்னொரு வந்தேறியைப் பார்த்து, தேவலோகத்திலிருந்து இறங்கி வா, மயக்கு, பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் போ என்கிற காட்சி அது.

இந்த இடத்தில்தான் ஆவணங்களைத் தேடுவதை விட்டு வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வானத்திலிருந்து இறங்கும் மேனகை. காட்டில் வளர்ந்தவள். ‘வித்யாபதி’யில் (1946) ஆடல்மகள். எம். ஜி. ஆர். முதன்முதலில் நாயகனான ‘ராஜகுமாரி’யில் (1947) அவரை மயக்க முயலும் ராணி. ஒருத்திகூட அடுப்படியிலிருந்து எழுந்து வருகிறவள் இல்லை. அகல்யை மட்டும் விதிவிலக்கு. அவளையும் கல்லாக்கி வீட்டுக்கு வெளியேதான் போட்டார்கள். கப்பலேறி வந்த பாடகியின் கதையைத் தமிழ்ப்படம் ஒருநாளும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் அவரை எங்கிருந்தோ வந்தவளாகவே திரும்பத் திரும்ப எடுத்தது. அந்த வகையில் இந்தப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் நான் தேடிய இசைப்படம் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. இது என் முடிவு, மறுப்பவர் மறுக்கலாம்.

பின்னாளில் இராமேசுவரத்தில் குடியேறிய தவமணி தேவி, 2001 பெப்ரவரியில் இறந்தார். அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து போன இன்னொரு பெண் இலண்டனில் வளர்ந்துவிட்டார்: மாயா அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த பாடகி. 2018இல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தபோது, அதற்கு ஆதாரமாக அவரே ஆண்டுக்கணக்கில் எடுத்துவைத்திருந்த ஒளிப்பதிவுகள் இருந்தன. தவமணி தேவியின் கையில் கமரா இருந்ததில்லை. அவரைப் பிறர் எடுத்ததுதான் மிச்சம்.

எனவே இனித் தேட வேண்டியவை சிறியவை, மலிவானவை. படமாளிகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டு உறைகள். வலிகாமத்து வீடுகளில் பழைய றங்குப் பெட்டி ஏதும் தப்பியிருந்தால், அடியில் கிடக்கும் தாள்களை எரிப்பதற்கு முன் நூலகம் நிறுவனத்துக்காரருக்குக் காட்டுங்கள். நடிகர் பட்டியலில் தவமணி தேவியின் பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயர் போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் எந்த ஊர் என்று பாருங்கள்.