தடையைத் தாண்டிய பாட்டு

2001 அக்டோபரில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், 27 வயதுப் பாப் பாடகர் ராபி வில்லியம்ஸ் பெரிய வாத்தியக் குழுவுடன் பழைய ஸ்விங் பாடல்களைப் பாடினார். அந்நிகழ்ச்சியின் பதிவைக் காணுந்தோறும் என் மனம் ‘மேக் த நைஃப்’ பாடலிலேயே நின்றுவிடுகிறது. மெட்டு துள்ளலானது, பாடுபொருளோ கத்தி ஏந்திய கொலைகாரன்!

1928இல் பெர்லினில் அரங்கேறிய இசைநாடகத்துக்காகப் பிரெக்ட் எழுத, யூதரான கர்ட் வைல் இசையமைத்தார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் இருவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறினர். பிரெக்டின் நூல்கள் எரிக்கப்பட்டன. வைலின் இசை தடைசெய்யப்பட்டது. பாட்டு பிழைத்தது. ஆங்கிலத்தில் 1955இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கும், 1959இல் பாபி டேரினும் அதனை உலகறியச் செய்தனர். 1950இலேயே மறைந்த வைல் அதைக் காணவில்லை.

ராபி டேரினின் பாணியைத்தான் பின்பற்றுகிறார் என்பது உண்மையே. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பெற்றோரே, பதின்ம வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டுப் பாருங்கள். கேட்டபின் பெர்லின் கதையையும் சொல்லுங்கள்.