மண்ணெண்ணெய்க் காலமும் கறுத்த பிளக்கும்

1990 யூனில் யுத்தம் மறுபடி மூண்ட பிறகு வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய்யில் ஓடத் தொடங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம்.

வண்டி ஓடும், ஆனா எண்ணெய் முழுசா எரியாது. மிச்சம் கரியாகப் பிளக்கில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பிளக் இடைவெளியில் பாயவேண்டிய பொறி கரி வழியே கசிந்துபோகும். இதைத்தான் 'மிஸ் பண்ணுது' எண்டு சொல்லுறது.

ஒற்றைச் சிலிண்டர் எண்டால் வண்டி நிண்டுபோகும். ஹொண்டா சீடி 200 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒரு பக்கம் செத்தாலும் நொண்டி நொண்டி ஓடும். எந்தப் பக்கம் எண்டு பிடிக்கக் கருவி தேவையில்லை. ஸ்ரார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு சைலன்சர் குழாயிலும் தண்ணி தெளித்தால், சூடில்லாத பக்கத்தில் தண்ணி அப்படியே நிற்கும். பிறகு இரண்டு பிளக்கையும் இடம்மாத்திப் போடவேணும். கோளாறும் கூடவே மாறினால் பிளக்கில் பிழை. அதே பக்கம் நின்றால் பிளக் வயரையும் வால்வையும் பார்க்கவேணும்.

தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஆவணங்களில் இருக்கு. அந்தப் பட்டியலுக்குள்ள ஒரு ஊர் எப்படி ஓடித் திரிந்தது எண்டது கராச்சுக்காரரின் கைகளில இருக்கு. அவையளுக்கு வயது போகுது. வாய்மொழி வரலாறு சேகரிக்கிற நாங்கள் கராச்சுப் பக்கமும் போய், பிளக்கின் நிறத்தைப் பற்றியும் கேட்கவேணும்.