மாட்ஸ்லேயின் லேத்தும் என் மாணவனின் லேத்தும்



ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான். பொழுதுபோக்குக்காக மாடியில் ஒரு குட்டி லேத் வாங்கி வைத்திருக்கிறான். "உங்க அப்பா டர்னர்தானே சார், கூட என்னென்ன வாங்கலாம்?" என்று ஒரு பட்டியல் அனுப்பினான். கூட்டிப் பார்த்தால் மிஷின் விலையையே தாண்டுகிறது! அவனுக்குச் சரித்திரத்தை வைத்தே பதில் எழுதினேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

லண்டனில் ஜோசப் பிராமாவின் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஹென்றி மாட்ஸ்லே. வாரக் கூலி 30 ஷில்லிங். கூட்டிக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1797-இல் வெளியேறி சொந்தப் பட்டறை போட்டார். அந்தக் காலத்தில் கடைசல்காரர் பெரும்பாலும் உளியைக் கையில் பிடித்து, ஒரு தாங்கியில் அண்டக் கொடுத்துத்தான் கடைவார். கை தளர்ந்தால் அளவு போச்சு. மாட்ஸ்லே உளியை நகரும் மேடையில் இறுக்கிப் பூட்டினார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுதான். ஆனால் நீளத் திருகும் மாற்றுப் பல்சக்கரங்களும் சேர்த்து 1800 வாக்கில் அவர் செய்த லேத்தில், ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட முடிந்தது. அளந்து பார்க்க மேஜை மேல் ஒரு மைக்ரோமீட்டர். அதற்குச் செல்லப் பெயர் 'லார்டு சான்சலர்'. அது சொன்னால் அப்பீல் கிடையாது! அவரிடம் வேலை பார்த்த விட்வொர்த்தான் 1841-இல் நாடு முழுமைக்கும் ஒரே மரை அளவு வேண்டும் என்று 55 பாகை மரையை முன்வைத்தவர்.

தம்பியின் பட்டியலில் பெரிய தொகை கார்பைடு டூல் செட்டுக்கு. அது 1920-களின் கடைசியில் ஜெர்மனியின் குருப் கம்பெனி 'விடியா' என்ற பெயரில் விற்கத் தொடங்கிய சரக்கு. கனத்த மிஷினில், நல்ல வேகத்தில்தான் அது முழுப் பலன் தரும். சின்ன மிஷின் அதிர்ந்தால் முனை சில்லாகத் தெறிக்கும். அதற்கு முந்தியது ஹை ஸ்பீட் ஸ்டீல். அமெரிக்காவின் டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கி, 1900 பாரிஸ் கண்காட்சியில் காட்டியது. முனை சிவக்கச் சிவக்க வெட்டியது. கற்றுக்கொள்கிறவனுக்கு அதுவே உத்தமம். சதுரத் துண்டுகள் நாலைந்தும் ஒரு பெஞ்ச் கிரைண்டரும் வாங்கு, நீயே சாணை பிடி என்றேன். அப்பா அப்படித்தான், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முனை தீட்டுவார்.

பிறகு அசையாத டூல் போஸ்ட், வட்டமில்லாததையும் பிடிக்க நாலு தாடை சக், துளைக்கு டிரில் சக், சென்டர் டிரில். அளக்க வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ். மற்றவை வேலை வரும்போது வாங்கலாம்.

ஒருமுறை அப்பா சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டுவிட்டார். புருவத்தில் ஆறு தையல். அரை அங்குலம் கீழே என்றால் கண் போயிருக்கும். இவன் பட்டியலில் கண்ணாடியே இல்லை.

நேற்று திருத்திய பட்டியல் வந்தது. முதல் வரியில் கண்ணாடி. கடைசி வரியில் கார்பைடு டூல், ஒன்றே ஒன்று. சரி, இருக்கட்டும்.