மலாக்கா வீதிகளில் தமிழர் சுவடுகள்

பனிக்காலம் வந்ததும் மேலை நாட்டு மக்கள் பழம்பெரும் நகரங்களை நாடிப் பயணம் புறப்படுகின்றனர். கல் பாவிய தெருக்களில் நடந்து, கோயில்களையும் கோட்டைகளையும் கண்டு, தம் முன்னோரின் வாழ்வை அறிந்து மகிழ்கின்றனர். நம் மலேசியத் திருநாட்டில் பனிக்காலம் இல்லை. ஆயினும் மார்கழித் திங்கள் உண்டு. டிசம்பர் மாதப் பள்ளி விடுமுறை உண்டு. நடந்தே சுற்றிப் பார்க்கத்தக்க பழைய நகரம் ஒன்றும் உண்டு. அதுவே மலாக்கா. காஜாங்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சிரம்பானைக் கடந்து சென்றால், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அந்நகரை அடைந்துவிடலாம்.

காஜாங் வட்டாரத்துத் தமிழ் மாணவன் ஒருவனிடம், “நம் முன்னோர் இந்நாட்டிற்கு எதற்காக வந்தனர்?” என்று வினவினால், “பால்மரம் வெட்ட வந்தனர்” என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அவ்விடையில் பிழையில்லை. லங்காட் ஆற்றங்கரையில் அமைந்த காஜாங்கைச் சூழ்ந்து முதலில் காப்பித் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் எழுந்தன. 1890ஆம் ஆண்டுகளில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்குள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் பயிரிட்டனர். மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிட்ட முன்னோடித் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. கங்காணிகளின் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த மக்கள் லயங்களில் குடியேறிக் காட்டைத் திருத்தினர். அவர்தம் உழைப்பை மறப்பது நன்றி கொன்ற செயலாகும். எனினும் அதுவே நம் வரலாற்றின் முதல் ஏடு என்று கருதுவது பொருந்தாது. அதற்கு முந்தைய ஏடுகள் சிலவற்றை மலாக்காவின் தெருக்களில் நடந்தே படிக்கலாம்.

காற்று வளர்த்த நகரம்

கி.பி. 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரன் மலாக்காவை நிறுவினான். இந்நகரை வளர்த்தது பருவக்காற்று எனலாம். இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களை ஒரு காற்றுக் கொணர்ந்தது. சீனத்திலிருந்து வரும் கப்பல்களை மற்றொரு காற்றுக் கொணர்ந்தது. வந்தவர் திரும்ப வேண்டுமாயின் காற்றுத் திசை மாறும்வரை திங்கள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்த வணிகர் பண்டகசாலை அமைத்தனர், வீடு கட்டினர், மணம் புரிந்தனர், வழிபாட்டிடம் எழுப்பினர்.

1512 முதல் 1515 வரை இங்குத் தங்கியிருந்த தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர், மலாக்காத் துறையில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்துள்ளார். துறைமுக நிருவாகத்திற்காகச் சுல்தான்கள் நால்வரை ஷாபந்தர் என்னும் அலுவலராக அமர்த்தியிருந்தனர். அவருள் ஒருவர் சோழமண்டலக் கரையினரும் வங்காளத்தாரும் பெகு, பாசாய் நாட்டினரும் அடங்கிய வணிகரைக் கவனித்தார். சோழமண்டலக் கரையின் துணிகள் இங்கு இறங்கின. மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் இங்கிருந்து ஏறின.

அவ்வணிகத்தின் சான்று கல்லில் மட்டுமன்று, சொல்லிலும் நிற்கிறது. மலாய்மொழியில் கப்பல் ‘காப்பால்’ எனவும், கடை ‘கெடாய்’ எனவும், பெட்டி ‘பெத்தி’ எனவும், கட்டில் ‘காத்தில்’ எனவும், வணிகத்தில் இடும் முதல் ‘மொடால்’ எனவும் இன்றும் வழங்குகின்றன. இச்சொற்கள் எத்தகையன என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கப்பலில் வந்து, கடை வைத்து, முதலிட்டு வாழ்ந்த மக்களின் சொற்கள் அல்லவா இவை!

சிவந்த சதுக்கமும் சிதைந்த கோட்டையும்

நடையைச் செந்நிறக் கட்டடங்கள் சூழ்ந்த டச்சுச் சதுக்கத்தில் தொடங்குவது நலம். டச்சுக்காரர் 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர். அவ்வெற்றியின் நூற்றாண்டு நினைவாக 1741இல் தொடங்கி 1753இல் முடிக்கப்பட்டதே அங்குள்ள கிறிஸ்து தேவாலயம். அதன் அருகில் டச்சு ஆளுநரின் மாளிகையான ஸ்டாட்ஹைஸ் நிற்கிறது.

அங்கிருந்து குன்றின் மேல் ஏறினால், 1521இல் கட்டப்பட்ட புனித பவுல் ஆலயத்தின் சுவர்களைக் காணலாம். தமிழகத்தின் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே சமயப்பணி செய்த பிரான்சிஸ் சவேரியார் இங்கும் வந்து பணியாற்றியவர். 1552இல் சீனக் கரையோரத்தில் மறைந்த அவரது உடல், கோவாவிற்கு எடுத்துச் செல்லப்படும் முன்னர் 1553இல் சில காலம் இவ்வாலயத்தில் வைக்கப்பட்டிருந்தது.

குன்றின் அடிவாரத்தில் ஒற்றை வாயில் ஒன்று நிற்கிறது. 1511இல் மலாக்காவை வென்ற அல்புகெர்க் எழுப்பிய ஆ ஃபமோசா கோட்டையில் எஞ்சியது இவ்வாயிலே. 1807இல் ஆங்கிலேயர் அக்கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தனர்.

இவ்விடத்தில் நின்று நினைக்க வேண்டிய தமிழர் ஒருவர் உண்டு. போர்த்துக்கீசிய ஏடுகள் அவரை ‘நீனா சத்து’ என்று குறிக்கின்றன. செல்வாக்கு மிக்க வணிகரான அவர், சுல்தானால் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு உதவினார். வெற்றிக்குப் பின் அல்புகெர்க் அவரைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார். ஆனால் 1514இல் அப்பதவி கம்பார் மன்னருக்கு மாற்றப்பட்டது. அவமானம் தாங்காத அவர் தீ மூட்டி அதில் இறங்கி உயிர் துறந்தார் எனப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவர் செய்தது நன்றா, தீதா என்பதை மாணவர்கள் விவாதிக்கட்டும். அந்நியப் படைக்குத் துணை நின்றவர் என்பதை மறைத்துப் புகழ வேண்டுவதில்லை. ஆனால் ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே இத்துறைமுகத்தின் அரசியலைத் திருப்பவல்ல செல்வாக்கு ஒரு தமிழ் வணிகருக்கு இருந்தது என்பது மறுக்கவியலாத உண்மை.

சில அடித் தொலைவில் மூன்று வழிபாட்டிடங்கள்

பாலத்தைக் கடந்து ஆற்றின் மறுகரை சேர்ந்தால் குறுகிய தெருக்கள் வரவேற்கின்றன. அவற்றுள் ஒன்று ஜாலான் துக்காங் எமாஸ். பொற்கொல்லர் தெரு என்பது இதன் பொருள். இத்தெருவில்தான் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் உள்ளது. அக்காலத்துச் செட்டி சமூகத் தலைவரான தெய்வநாயகம் செட்டி என்பாருக்கு டச்சு ஆட்சியினர் வழங்கிய நிலத்தில் 1781இல் எழுந்தது இவ்வாலயம். நாட்டிலுள்ள மிகப் பழைய இந்து ஆலயங்களுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. வானளாவிய கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்வோர் அதன் எளிமை கண்டு வியப்பர். ‘பொய்யாத’ என்னும் அடைமொழி எண்ணுந்தோறும் இனிப்பது. நம்பியவரைக் கைவிடாதவன் என்னும் பொருளை ஒரே தமிழ்ச்சொல்லில் அடக்கி வைத்தனர் அந்த முன்னோர்.

அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. தமிழகக் கரையிலிருந்தும் பிற இந்தியப் பகுதிகளிலிருந்தும் வந்த முஸ்லிம் வணிகர் 1748இல் மரத்தால் எழுப்பிய இப்பள்ளிவாசல், 1872இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அடுக்கடுக்கான கூம்புக் கூரையும், சீனப் பகோடாவை ஒத்த மினாராவும், மேலை நாட்டுப் பாணித் தூண்களும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. சில அடி நடந்தால் 17ஆம் நூற்றாண்டில் நிறுவப்பெற்ற செங் ஹூன் தெங் சீனக் கோயில். ஒருமைப்பாட்டைப் பற்றிப் பாடநூலில் பத்துப் பக்கம் படிப்பதைவிட, இத்தெருவில் பத்து நிமிடம் நடப்பது மேலானது.

கணக்கு மொழியாயிருந்த தமிழ்

இப்பகுதியின் மற்றொரு மைந்தரையும் நாம் அறிதல் வேண்டும். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்தார். அரபு, தமிழ்க் குருதி கலந்த மரபினர் அவர். தம் வாழ்க்கை வரலாறான ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்னும் நூலில், இளமையில் தாம் தமிழ் கற்க அனுப்பப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அதற்கு அவர் கூறும் காரணம் நம் கவனத்திற்குரியது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவில் வழிவழி வந்த வழக்கமாம். கணக்கிடுவதற்கும், அங்கு நிறைந்திருந்த இந்திய வணிகரோடு உரையாடுவதற்கும் அம்மொழி பயன்பட்டதாம்.

இச்செய்தியைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். தமிழ் படித்தால் என்ன பயன் என்று கேட்கும் காலம் இது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன்னர் இந்நாட்டின் துறைமுக நகர் ஒன்றில், தமிழரல்லாதார் பிள்ளைகளும் பயன் கருதித் தமிழ் கற்றனர்.

காஜா பெராங் சொல்லும் பாடம்

கடைசியாகக் காண வேண்டிய இடம் காஜா பெராங். பழைய நகரிலிருந்து அரை மணி நேரத்திற்குள் நடந்துவிடலாம். அங்குள்ள சிற்றூரே கம்போங் செட்டி. சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களான மலாக்காச் செட்டிகள் அங்கு வாழ்கின்றனர். வட்டித் தொழிலுக்காகப் பிற்காலத்தில் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரினின்றும் இவர்கள் வேறானவர்கள்.

இவர்தம் முன்னோர் இங்குள்ள மலாய், சாவகம், சீனம் முதலிய இனப் பெண்களை மணந்தனர். தாயின் மொழி இல்லத்தின் மொழியாயிற்று. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டபின், செட்டிகளின் கடல் வாணிகம் குன்றியது. பலர் உழவுத்தொழிலை மேற்கொண்டனர். தாயகத் தொடர்பும் அறுந்தது. இன்று அவர்கள் பேசுவது மலாயை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலப்புமொழி. பெண்டிர் கெபாயாவும் சாரோங்கும் அணியும் மரபினர்.

ஆயினும் அவர்கள் இந்துக்களாகவே வாழ்கின்றனர். முத்து மாரியம்மனுக்கு விழா எடுக்கின்றனர். மார்கழியின் இறுதி நாளாகிய போகியன்று முன்னோர்க்குப் படையலிடுகின்றனர். அச்சடங்கை அவர்கள் ‘பார்ச்சு’ என்பர். மறுநாள் பொங்கலிடுகின்றனர். ஆண்டின் நடுவிலும் கனிகளைக் கொண்டு மற்றொரு படையல் நிகழ்கிறது. பெயர்களின் ஈற்றில் செட்டி, பிள்ளை என்பன நிற்கின்றன.

மேடைகளில் சிலர் இம்மக்களைத் தமிழை இழந்தவர் என்று எள்ளிப் பேசுவதுண்டு. அது முறையன்று. ஐந்நூறு ஆண்டுகளாக, ஆட்சிகள் மூன்று மாறியும், சிறு குழுவாய் நின்று பொங்கலையும் மாரியம்மனையும் கைவிடாதவர்களை எள்ளுவதற்கு நமக்கு என்ன தகுதி உண்டு? நாம் செய்யத்தக்கது எள்ளுதல் அன்று, காரணம் ஆராய்தல். அக்காரணம் முன்ஷி அப்துல்லாவின் செய்தியோடு சேர்த்து நோக்கும்போது தெளிவாகிறது. மலாக்காவின் கடைத்தெருவில் தமிழ் ஒலித்தது. ஆசான் ஒருவர் அதனைக் கற்பிக்கவும் செய்தார். ஆனால் செட்டிகளின் அடுக்களையிலும் தொட்டிலடியிலும் வேறு மொழி ஒலித்தது. கடைத்தெருவின் மொழி வணிகத்தோடு தேய்ந்தது. தொட்டிலடியில் ஒலித்த மொழியே நிலைத்தது.

நம் கடமை

1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் முதல் தமிழ் வகுப்புத் தொடங்கியது. இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கும் தமிழ்க் கல்வி நமக்குப் பெருமையே. ஆனால் பள்ளி மட்டுமே மொழியைக் காக்கும் என்று நாம் அயர்ந்துவிடலாகாது. காஜாங் வட்டாரத்தின் தோட்டங்கள் பல இன்று குடியிருப்புகளாகிவிட்டன. அண்மையிலிருந்த பிராங் புசார் தோட்டம் 1995 முதல் புத்ராஜெயா என்னும் நிருவாகத் தலைநகராக உருப்பெற்றது. லயத்தில் வாழ்ந்தபோது அண்டை வீடும் தமிழ் பேசிற்று. கடையும் கோயிலும் தமிழ் பேசின. அடுக்குமாடி வீட்டில் அச்சூழல் இல்லை. அங்கே தமிழ் வாழ்வதும் வீழ்வதும் தாய் தந்தையர் பிள்ளைகளோடு எம்மொழியில் பேசுகின்றனர் என்பதைப் பொறுத்தே அமையும்.

ஆகவே, மாணவரை மலாக்காவிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் மூன்று பணிகளை அவர்க்கு அளிக்கலாம். முதலாவது, கடைப்பலகைகளிலும் பேச்சிலும் காணும் தமிழ் மூலமுடைய மலாய்ச் சொற்களைத் தொகுத்தல். இரண்டாவது, காணும் கட்டடம் ஒவ்வொன்றும் எந்த ஆண்டில், எவர் ஆட்சியில், எம்மக்களால் கட்டப்பட்டது எனக் குறித்தல். மூன்றாவது, வீடு திரும்பியதும் தம் பாட்டன் பாட்டியும், பெற்றோரும், தாமும் இல்லத்தில் யாரோடு எம்மொழியில் பேசினர், பேசுகின்றனர் என ஒரு பக்கம் எழுதுதல்.

முதலிரண்டும் வரலாற்றுப் பாடத்திற்கு உரியவை. மூன்றாவதாக எழுதப்படும் அந்த ஒரு பக்கம், நாளைய வரலாறு எவ்வாறு அமையும் என்பதை இன்றே நமக்குக் காட்டிவிடும். அதனைப் படித்துப் பார்க்கும் துணிவு ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வேண்டும்.