கோவளத்தில் ஒரு பினாமிக் கொடி

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனி என்ற வணிக நிறுவனம் பண்டகசாலை நடத்தியது. 1722இல் அதற்குச் சாசனம் தந்தவர் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ். ஆனால் அதன் கப்பல் தலைவர்களிலும் முதலீட்டாளர்களிலும் பிரிட்டிஷார் இருந்தார்கள். லண்டனின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்துக்குத் தப்ப, பேரரசரின் கொடியும் கடவுச்சீட்டும் உதவின. இன்றைய பினாமி வேலையேதான். 1939இல் குற்றவியல் அறிஞர் சதர்லாந்து பேசிய 'வெள்ளைக்காலர் குற்ற'த்தை அக்காலத்தின்மீது ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றலாம்; பிரிட்டிஷார் பிறநாட்டுக் கொடியின்கீழ் இப்படி வணிகம் செய்வதற்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றமே 1718இல் தடை போட்டுவிட்டதே! சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: அந்தத் தடையால் லாபம் அடைந்தது புகார் சொன்ன கிழக்கிந்தியக் கம்பெனிதான். மீறியவர் யார் என்பதோடு, விதி யாருக்காக எழுதப்பட்டது என்றும் துருவ வேண்டும். 1731இல் ஆஸ்டெண்ட் கம்பெனியை முடித்தது நீதிமன்றமல்ல, வியன்னா உடன்படிக்கை. மகள் மரியா தெரசாவின் வாரிசுரிமையை பிரிட்டன் ஏற்பதற்காகப் பேரரசர் கொடுத்த விலை அது.