எர்த்சீ நூல்வரிசை

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) எழுதிய மிகுபுனைவு நூல்வரிசை எர்த்சீ. ஐந்து நாவல்களும் ஒரு கதைத்தொகுப்புமாக ஆறு நூல்கள் 1968க்கும் 2001க்கும் இடையில் வெளிவந்தன. முதல் மூன்றையும் கொண்டாடிய வாசகர்களில் பலர் நான்காவது நூலைக் கண்டு முகம் சுளித்தார்கள். தான் படைத்த உலகின் குறைகளை லெ குவின் அதே உலகுக்குள் நின்று திருத்தி எழுதியதே அதற்குக் காரணம். இருபதாம் நூற்றாண்டு மிகுபுனைவில் இதற்கு இணையான துணிச்சல் அரிது.

லெ குவின் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். தந்தை ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானிடவியலாளர். தாய் தியோடோரா குரோபர், தம் இனத்தில் எஞ்சிய கடைசி மனிதரான இஷி என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் வரலாற்றை எழுதியவர். அயல் மக்களின் கதைகளும் சடங்குகளும் அன்றாடம் பேசப்பட்ட வீட்டில் வளர்ந்த லெ குவினுக்கு, ஒரு சமூகத்தை அடியிலிருந்து கற்பனை செய்யும் திறன் இயல்பாக வாய்த்தது. சீனத்துத் தாவோ சிந்தனையில் அவருக்கு இருந்த ஈடுபாடு எர்த்சீயின் மந்திரக் கோட்பாட்டுக்கே அடித்தளமானது. அங்கே ஒளியும் இருளும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கின்றன. அந்தச் சமநிலையைக் குலைக்காமல் இருப்பதுதான் மந்திரவாதியின் முதல் கடமை. ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. அதனால் மனிதர்கள் தங்கள் உண்மைப் பெயரை உயிர்போல மறைத்து வைக்கிறார்கள்.

எர்த்சீ என்ற தீவுலகம் 1964இல் 'ஃபன்டாஸ்டிக்' இதழில் வெளியான இரு சிறுகதைகளில் முதலில் தலைகாட்டியது. பர்னாசஸ் பிரஸ் என்ற சிறிய பதிப்பகத்தின் உரிமையாளர் ஹெர்மன் ஷைன் 1967இல் வளரிளம் வாசகர்களுக்கு ஒரு நூல் கேட்க, லெ குவின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'யை எழுதினார். மந்திரவாதிகள் என்றாலே வெண்தாடிக் கிழவர்கள்தாம். அவர்கள் இளைஞர்களாக இருந்தபோது எங்கே, எப்படிக் கற்றார்கள் என்ற கேள்வியிலிருந்து நூல் பிறந்தது. கோன்ட் தீவின் ஆடு மேய்க்கும் சிறுவன் கெட், ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். செருக்கு மிகுந்து, இறந்தவரை எழுப்பிக்காட்டத் துணிந்து, ஒரு நிழலை உலகில் அவிழ்த்துவிடுகிறான். அந்த நிழல் அவனை வேட்டையாடுகிறது. பிறகு அவன் அதை வேட்டையாடுகிறான். டோல்கீனுக்குப் பின் இவ்வகை நூல்களில் வாடிக்கையாகிவிட்ட பெரும் போர் இதில் கிடையாது. பகைவனும் வெளியே இல்லை. ஹாரி பாட்டர் வெளிவருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்த மந்திரப் பள்ளிக் கதை இது.

வரவேற்பு உடனே கிடைத்தது. 1969இல் பாஸ்டன் குளோப்–ஹார்ன் புக் விருது வந்தது. நிலத்தடி இருள்கோயிலின் இளம் பூசாரிணி டெனாரைப் பற்றிய 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971) நியூபெரி சிறப்பு மதிப்பைப் பெற்றது. மரணத்தை வெல்ல நினைப்பவனைத் தடுக்க கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவிடும் 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972), சிறுவர் இலக்கியத்துக்கான தேசியப் புத்தக விருதை வென்றது. ஆனால் 'சிறுவர் நூல்' என்ற அதே அடையாளம், இலக்கிய விமர்சகர்கள் பலரை இந்நூல்களின் பக்கமே வராமல் தடுத்தது.

மற்றொன்று வாசகர் கண்ணுக்கே தப்பியது. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனது உற்ற நண்பன் வெட்ச் கறுப்பன். வெள்ளைத் தோலினர் கீழ்த்திசைத் தீவுகளின் கார்காட் மக்கள் மட்டுமே. டெனார் அவர்களில் ஒருத்தி. லெ குவின் இதைத் திட்டமிட்டே செய்தார். இருந்தும் பல பதிப்புகளின் அட்டைகள் கெட்டை வெள்ளையனாகவே வரைந்தன. 2004இல் சை ஃபை சேனல் எடுத்த தொலைக்காட்சிக் குறுந்தொடரும் கெட் வேடத்தை வெள்ளை நடிகருக்கே கொடுத்தது. தன் உலகை வெளுத்துவிட்டதாக லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். கதைகளில் தங்களைப் போன்ற முகத்தைக் காணாத வாசகர்கள் பலருக்கு எர்த்சீ எவ்வளவு பொருள்பட்டது என்பதை அறிந்தவர் அவர். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது.

பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1990இல் 'தெஹானு' வந்தது. சாகசத்தை எதிர்பார்த்தவர்கள் கண்டது ஒரு பண்ணைவீட்டை. டெனார் இப்போது நடுவயது விதவை. பெரியவர்களால் சிதைக்கப்பட்டு, தீயில் வெந்த ஒரு பெண்குழந்தையை வளர்க்கிறாள். ஆற்றல் இழந்த கெட் வெட்கத்தோடு அவளிடம் வந்து சேர்கிறான். பெண்ணியக் கருத்துக்காகக் கதையைப் பலிகொடுத்துவிட்டார், கெட்டைச் சிறுமைப்படுத்திவிட்டார் என்று பல வாசகர்கள் குறைகூறினர். அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபுலா விருது கிடைத்தும் அந்த மனக்குறை எளிதில் ஆறவில்லை. முதல் மூன்று நூல்களையும் ஆண்நாயகக் கதைமரபுக்குள் நின்றே எழுதியதை லெ குவின் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் விளக்கினார். பெண்களுக்குக் கதவடைத்த ரோக் பள்ளியை எவரும், எழுதியவர் உட்பட, கேள்வி கேட்கவில்லையே என்பதுதான் அவரை உறுத்தியது.

சமைப்பதும் ஆடு பார்ப்பதும் குழந்தையின் வடுவைத் தடவிக் கொடுப்பதும் கடல் கடந்த சாகசங்களுக்கு நிகரான கனத்தோடு 'தெஹானு'வில் எழுதப்பட்டிருக்கின்றன. இவ்வரிசையின் ஆகச்சிறந்த நூல் அதுவே. 2001இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' தொகுப்பு, ரோக் பள்ளியை நிறுவியவர்களில் பெண்களும் இருந்ததைக் காட்டியது. அதே ஆண்டின் 'தி அதர் விண்ட்', மூன்றாம் நூலில் மாறாத விதிபோலத் தோன்றிய இறந்தோரின் வறண்ட நிலத்தை மனிதப் பேராசையின் விளைவாக மறுவிளக்கம் செய்து, அதன் சுவரையே இடித்தது. அந்நூலுக்கு உலக மிகுபுனைவு விருது கிடைத்தது.

திரைவடிவங்கள் எதுவும் லெ குவினுக்கு நிறைவளிக்கவில்லை. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி முன்பு படமெடுக்க அனுமதி கேட்டபோது, அவர் படங்களை அறியாத லெ குவின் மறுத்துவிட்டார். பின்னர் 'டோட்டோரோ' படத்தைப் பார்த்து மனம் மாறினார். ஆனால் ஸ்டூடியோ ஜிப்லி 2006இல் வெளியிட்ட படத்தை இயக்கியவர் மகன் கோரோ. வில்லனைக் கொன்றால் தீமை தீர்ந்துவிடும் என்பதுபோன்ற முடிவு தன் நூல்களுக்கே எதிரானது என்பது லெ குவினின் ஆதங்கம்.

2014இல் அமெரிக்க இலக்கியப் பங்களிப்புக்கான தேசியப் புத்தக அறக்கட்டளைப் பதக்கம் லெ குவினுக்கு வழங்கப்பட்டது. நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட மிகுபுனைவு, அறிவியல் புனைவு எழுத்தாளர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வதாக அவர் மேடையில் அறிவித்தார். 2018 ஜனவரி 22 அன்று போர்ட்லாந்தில் காலமானார். அதே ஆண்டில் சார்லஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு எர்த்சீ முழுத்தொகுப்பு வெளியானது; அதில் கெட்டின் நிறம் நூலில் உள்ளபடியே இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் வெளிவந்த வரிசையிலேயே படிக்கவேண்டும்; மூன்றாவதோடு நிறுத்திவிடக் கூடாது.