படியும் சான்றும்: இளைய டாவிட் டெனியர்ஸின் கலைப்பணி

முன்னுரை

மூல ஓவியத்துக்கு அளிக்கப்படும் மதிப்பு அதன் படிக்கு அளிக்கப்படுவதில்லை. எனினும் மூலம் அழிந்தோ சிதைந்தோ போகும்போது படியே முதன்மைச் சான்றாகிறது. ஓவியர், படியெடுப்பாளர், கலை வணிகர் என மூன்று நிலைகளிலும் இயங்கிய பிளெமிஷ் கலைஞர் இளைய டாவிட் டெனியர்ஸின் (1610-1690) பணிவழி இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓவியரும் வணிகரும்

ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்த டெனியர்ஸ், ஓவியரான தம் தந்தையிடம் பயின்றார். உழவர் வாழ்க்கைக் காட்சிகள் அவருக்குப் புகழ் தேடித்தந்தன. 1645இல் அந்நகரின் ஓவியர் குழுமத்துக்குத் தலைவரானார். பின்னர் பிரஸ்ஸல்ஸில், ஸ்பானிய நெதர்லாந்தின் ஆளுநரான லியோபோல்ட் வில்ஹெல்மின் அரண்மனை ஓவியராகி, அவரது ஓவியத் தொகுப்பையும் பேணினார். 1649இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்டதை அடுத்து, அந்நாட்டுப் பிரபுக்களின் தொகுப்புகள் விற்பனைக்கு வந்தன. ஹாமில்டன் கோமகனின் இத்தாலிய ஓவியங்கள் அவ்வாறே லியோபோல்டை அடைந்தன.

படிகளும் நூலும்

அத்தொகுப்பின் இத்தாலிய ஓவியங்களைச் சிறு அளவில் டெனியர்ஸ் வண்ணப் படிகளாக்கினார். அவற்றைக் கொண்டு செதுக்கப்பட்ட 243 செப்புத்தகட்டு அச்சுகள், 1660இல் அவரது சொந்தச் செலவில் 'தியேட்ரம் பிக்டோரியம்' என்னும் நூலாக வெளிவந்தன. பெருந்தொகுப்பு ஒன்றுக்குப் படங்களுடன் அச்சான முதல் விவர நூலாக இது கருதப்படுகிறது.

சான்று மதிப்பு

ஜோர்ஜோனேயின் 'மூன்று தத்துவஞானிகள்' ஓவியம் இன்று வியன்னாவில் உள்ளது. அதன் இடப்பக்கம் பிற்காலத்தில் வெட்டப்பட்டது. வெட்டுக்கு முந்தைய அமைப்பை டெனியர்ஸின் படி காட்டுகிறது. ஜோர்ஜோனேயுடையதாகக் கருதப்பட்டு மறைந்துபோன, குழந்தை பாரிஸைக் கண்டெடுக்கும் காட்சியையும் அவரது படிவழியே அறிகிறோம். அந்தோனெல்லோ தா மெஸ்ஸினாவின் சிதைந்த சான் காசியானோ பலிபீட ஓவியத்தை யோஹன்னஸ் வில்டே மீட்டமைத்தபோதும் இப்படிகள் துணைநின்றன.

ஆயினும் இச்சான்றுக்கு எல்லை உண்டு. பேரோவியமும் சிற்றோவியமும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சுருக்கப்பட்டதால் மூலத்தின் அளவை உணர இயலாது. அச்சுகள் பலவற்றில் காட்சி இடவலம் மாறியுள்ளது. மூல ஓவியரின் தூரிகை நடையும் படியில் மறைந்துவிடுகிறது.

முடிவுரை

டெனியர்ஸின் படிகள் உருவ அமைப்புக்கு வலுவான சான்றுகள். அளவுக்கும் நடைக்கும் அவை வலுவற்றவை. எனவே, படி உண்மையானதா என்று பொதுவாக வினவுவதைவிட, அது எதற்குச் சான்றாகும் என்று வினவுவதே ஆய்வுக்குப் பயன்தரும்.